ஒத்திகைக்கு ஒரு கதவு

கள்ளிக்காடு என்றதும் தமிழ் வாசகரின் நினைவு வைகை அணைக்குப் போகும். வைரமுத்துவின் புதினம் அப்படிப் பழக்கிவிட்டது. இந்தக் கள்ளிக்காடு வேறு. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், மலையடிவாரத்தில், நெய்யாறு அணையை ஒட்டிக் கிடக்கும் ஊர் இது. இதற்கும் ஓர் அணை வாய்த்தது தற்செயல்தான். கள்ளியும் காடும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் என்பதால், ஊர்ப்பெயரை வைத்து இது எந்த மொழிக்காரர்களின் ஊர் என்று முடிவு செய்துவிட முடியாது. இங்கிருந்து தெற்கே பாறசாலை, களியக்காவிளை வரைக்கும் உள்ள சிற்றூர்களில் பேச்சும் அப்படித்தான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் விழுந்த கோட்டை நாக்குகள் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே வாக்கியம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிவது இங்கே அன்றாட வழக்கு.

இந்த எல்லையூர்களுள் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்துகிறார்கள். தேவாலயத் திருநாள், அம்மன் கோயில் கொடை, ஓணத்துக்கு மன்றங்கள் நடத்தும் கலைநிகழ்ச்சி என்று எதற்கு அழைத்தாலும் போவார்கள். சிங்காரி மேளம் அடிப்பார்கள். கரோக்கியில் திரைப்பாடல் பாடுவார்கள். சில ஆண்டுகளாகச் சொல்லிசையும் சேர்ந்துகொண்டது. குழுவில் சொந்தமாகப் பாட்டெழுதுபவள் ஒருத்திதான். கல்லூரி மாணவி. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். மாணவி எழுதுவது பாடநூல் தமிழுமில்லை, பாடநூல் மலையாளமுமில்லை, வீட்டுப் பேச்சு. ‘என்னுடைய’ என்பது அவள் பாட்டில் ‘எனக்க’ என்றே வரும்.

அக்காவின் திருமணப் பேச்சு நடந்த நாள்களில் அவள் ஒரு பாட்டைத் தொடங்கினாள். எத்தனை பவுன், எந்தக் கார், எவ்வளவு ரொக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கணக்கையே தாளக்கட்டாக மாற்றிய பாட்டு அது. முதல் வரைவில் அந்த வீட்டின் பெயரும் இருந்தது. கோபத்தில் வந்த பெயர். பிறகு எடுத்துவிடலாம் என்று வைத்திருந்தாள். இரவில் போர்வைக்குள் முகத்தை வைத்து மெல்லப் பாடி, குரற்செய்தியாக்கி, வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு தோழிக்கு அனுப்பினாள். தோழி குழுவில் இலத்தாளம் அடிப்பவள். மூன்றாம் வகுப்பிலிருந்து கூடவே இருப்பவள்.

இரண்டு வாரத்தில் அந்தப் பாட்டு மாப்பிள்ளை வீட்டுக் குடும்பக் குழுவில் ஒலித்தது. திருமணம் நிற்கவில்லை. ஆனால் பந்தலில் எவர் முகத்திலும் சிரிப்பில்லை. புகுந்த வீட்டில் அக்காவுக்கு இன்றும் அந்தப் பாட்டு ஒரு குத்துச்சொல். அம்மா மகளின் கைப்பேசியை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்த ஆண்டுத் திருநாள் மேடைகளில் அவள் ஏறவில்லை.

யார் வெளியிட்டது என்ற கேள்விக்கு விடை தேடவே தேவையில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். பாட்டு போனது ஒருத்திக்கு. ஆகவே வந்ததும் ஒருத்தியிடமிருந்துதான். “எனக்க பாட்டு ஒனக்க கிட்ட மட்டும்தானே இருந்துது” என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, தோழியின் எண்ணைத் தடுத்துவைத்தாள். தோழி குழுவை விட்டு விலகினாள். வாட்ஸ்அப்பில் எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் போகிறது என்று அந்தத் திரையிலேயே எழுதியிருக்கிறதே என்பது குழுவில் ஒருவர் சொன்ன சான்று. அந்தச் சான்று உண்மையானது. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு பிழையானது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் இசை செய்யும் ஒவ்வோர் இளையவரும் அறிந்திருக்க வேண்டும்.

எல்லையூர் இளைஞர்களிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: நாம் பேசுவது வேறு யாருக்குப் புரியும்? தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதாமல், மலையாளத்தை மலையாள எழுத்தில் எழுதாமல், இரண்டையும் கலந்து உரோமன் எழுத்தில் தட்டினால் அது தானாகவே இரகசியமாகிவிடும் என்ற நினைப்பு. இதற்கு இந்த மண்ணில் நீண்ட மரபும் இருக்கிறது. மூலபத்ர என்ற பெயரில் ஒரு மறைபேச்சு திருவிதாங்கூரில் வழங்கியது. மார்த்தாண்ட வர்மாவின் ஆட்கள் அதைப் பயன்படுத்தியதாக மரபுவழிச் செய்தி. எழுத்துகளை இணை இணையாக மாற்றிச் சொல்வதுதான் அதன் வழி: அகரத்துக்குக் ககரம், சகரத்துக்கு டகரம், தகரத்துக்குப் பகரம், நகரத்துக்கு மகரம். ‘படம்’ என்பது ‘தசந்’ ஆகிவிடும். காமசூத்திரம் அடுக்கும் 64 கலைகளில் மறைபேச்சும் ஒன்று. அதற்கு உரை எழுதியவர் மூலதேவீயம் என்ற பெயரில் விளக்கும் முறை ஏறத்தாழ இதுவே.

கேட்கச் சுவையாக இருக்கும். பூட்டாக அது நிற்காது. ஒரு மொழியில் எந்த ஒலி அடிக்கடி வரும், எது அரிதாக வரும் என்பதற்கு நிலையான ஒழுங்கு உண்டு. எழுத்தை மாற்றினாலும் அந்த ஒழுங்கு மாறாது. முகமூடி போட்டவர் தன் நடையாலேயே அறியப்படுவதைப் போன்றது இது. பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் அறிஞர் 9ஆம் நூற்றாண்டிலேயே இந்த எண்ணிக்கை முறையால் மறையெழுத்தை உடைக்கும் வழியை எழுதிவைத்தார்.

இசை பயின்றவர்களுக்கு இன்னொரு எடுத்துக்காட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களுக்குள் அவற்றின் வரிசை எண் ஒளிந்திருக்கிறது. கேரளத்து வானநூலார் பெரிதும் கையாண்ட கடபயாதி முறைதான் அதற்கும் அடிப்படை. மாயாமாளவகௌளையில் ‘மா’ 5, ‘யா’ 1. திருப்பிப் படித்தால் 15. பாட்டு வகுப்பின் முதல் நாளில் பிள்ளைகள் சரளிவரிசை பாடுவது இந்தப் பதினைந்தாம் மேளத்தில்தான். தீரசங்கராபரணத்தில் முதலெழுத்து வடமொழியின் நான்காம் தகரம், அதற்கு 9, ‘ர’ 2, ஆக 29. தமிழெழுத்தில் நான்கு தகரங்களுக்கும் ஒரே வடிவம். ஆகவே தமிழில் எழுதிய பெயரை மட்டும் பார்ப்பவருக்கு 26, 27, 28, 29 ஆகிய நான்கில் எது என்று தெரியாது. அப்படியானால் தமிழெழுத்து ஒரு பூட்டா? இல்லை. விதி தெரிந்தவர் எவரும் நொடியில் படித்துவிடுவார். இது எண்ணை நினைவில் வைக்க உதவும் குறியீடு. எவரிடமிருந்தும் எதையும் மறைப்பதற்காகச் செய்ததன்று.

தமிழில் இந்தக் குழப்பத்துக்குச் சொல்லும் ஒரு காரணம். எழுத்தைக் கணினிக்கு ஏற்ற எண்ணாக மாற்றுவதையும் குறியாக்கம் என்கிறோம். செய்தியைப் பிறர் படிக்க இயலாதபடி பூட்டுவதையும் குறியாக்கம் என்கிறோம். முன்னதில் விதியே போதும், திறவுகோல் தேவையில்லை. பின்னதில் விதி ஊரறிந்ததாக இருந்தாலும் திறவுகோல் இல்லாமல் நுழைய முடியாது. இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கும்வரை மாணவர் மனத்தில் இரண்டும் ஒன்றாகவே பதியும். பின்னதற்கு மறையாக்கம் என்ற சொல்லையே நிலைப்படுத்துவது நல்லது.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்றொரு பழைய பலாமரம் காக்கப்பட்டு வந்திருக்கிறது. எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர்க்கதை. பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்க்காத பிள்ளைகள் இந்தப் பகுதியில் குறைவு. மறைவிடத்துக்கும் மறையாக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மரத்தை வைத்தே விளக்கிவிடலாம். பொந்து இருப்பது எதிரிக்குத் தெரியாதவரைதான் அது காப்பு. தெரிந்துவிட்டால் அதுவே பொறி. ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியறிஞர் 1883இல் எழுதிய கட்டுரைகளில் இதற்கு நேர்மாறான நெறியை வகுத்தார். முறை முழுவதும் எதிரியின் கைக்குப் போனாலும், திறவுகோல் மட்டும் போகாதிருந்தால் செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும். இன்றைய மறையாக்கத்தின் அடித்தளம் இந்த நெறிதான். அதை வகுத்தவர் மொழி கற்பித்த ஆசிரியர் என்பது மொழியியல் மாணவர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளத் தக்கது.

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர் அனைவருக்கும் முனைக்கு முனை மறையாக்கத்தை நடைமுறைப்படுத்தியது. சிக்னல் செயலிக்காக உருவான நெறிமுறையைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. திறவுகோல்கள் அனுப்புபவரின் சாதனத்திலும் பெறுபவரின் சாதனத்திலும் மட்டுமே இருக்கும். நடுவில் உள்ள நிறுவனமோ, கோபுரமோ, கம்பியோ செய்தியின் உள்ளடக்கத்தைப் படிக்க இயலாது. முறை வெளிப்படையானது, உலகின் ஆய்வாளர்கள் அதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அந்த மாணவியின் குரலை வழியில் எவரும் பிடிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இந்தத் தொடரின் எடையெல்லாம் ‘முனை’ என்ற சொல்லில் இருக்கிறது. எத்தனை முனைகள் என்று அந்தக் குழுவில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

விடை நான்கு மாதங்கள் கழித்து, கல்லூரியில் நடந்த ஒரு விழிப்புணர்வு வகுப்பில் கிடைத்தது. அம்மாவிடம் அன்று கைப்பேசியை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அம்மா அதுவரை அதைத் தோட்டத் தொழிலாளர் குழுவுக்காகவும் குடும்பஸ்ரீ குழுவுக்காகவும் நாள்தோறும் பயன்படுத்தி வந்தார். வகுப்பெடுத்தவர் எல்லாரையும் வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அவளுடைய பட்டியலில் ஒரு கணினி இருந்தது. அவளிடம் கணினியே கிடையாது. கடைசியாக இயங்கிய நேரம் அன்று காலை என்று காட்டியது.

நினைவு மெல்லத்தான் திரும்பியது. பாட்டு வரைவுக்கு ஒரு மாதம் முன்பு, மேடை நிகழ்ச்சிக்கான கரோக்கித் தடங்களை மாற்றுவதற்காக ஒரு கடை மாடியில் இருந்த ஒலிப்பதிவு அறைக்குப் போயிருந்தாள். கேபிள் இல்லை. அங்கிருந்த கணினித் திரையில் தோன்றிய சதுரக் குறியைத் தன் கைப்பேசியால் படம்பிடித்தாள். தடங்கள் போய்ச் சேர்ந்தன. பாராட்டுக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினாள். வெளியேறு என்ற பொத்தானை எவரும் அழுத்தவில்லை. கைப்பேசி 14 நாள்கள் தொடர்ந்து பயன்படாமல் கிடந்தால் அந்த இணைப்பு தானாக அறுந்துபோகும். அம்மா நாள்தோறும் பயன்படுத்தியதால் அது அறவே இல்லை. அந்த அறைக்கு வந்துபோன எவரும் அவளுடைய செய்திகளைப் படிக்கலாம், குரலைக் கேட்கலாம், முன்னனுப்பலாம் என்ற நிலை ஐந்து மாதங்கள் நீடித்தது. பூட்டு உடைக்கப்படவில்லை. மூன்றாவது திறவுகோல் ஒன்றை அவளே செய்து கொடுத்து, கொடுத்ததை மறந்திருந்தாள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இசைக்குழுக்களின் வேலைமுறையே பகிர்வில்தான் நடக்கிறது. தடங்களை வைத்திருக்கும் மேகச் சேமிப்புக்கு ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று அனுமதி தந்திருப்பார்கள். ஒத்திகைக் காணொளிகள் பத்துக் கைப்பேசிகளில் கிடக்கும். ஃப்ளெக்ஸ் பலகையில் பாடகியின் சொந்த எண்ணே அச்சாகும். கைப்பேசி பழுதானால் திரைப்பூட்டின் எண்ணையும் சேர்த்து எழுதிக் கடையில் கொடுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் உரையாடல்கள் மேகத்தில் காப்புநகலாகப் போகும்போது, அந்த நகலுக்கும் மறையாக்கம் செய்யும் வசதி 2021 அக்டோபரில்தான் வந்தது. அதையும் பயனரே தேடிச் சென்று இயக்க வேண்டும். பெரிய கோப்புகளை அனுப்ப எளிது என்பதால் பாடல் குழுக்கள் விரும்பும் டெலிகிராமில் வழக்கமான உரையாடல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. இருவருக்கிடையே ‘இரகசிய உரையாடல்’ என்று தனியாகத் தொடங்கினால் மட்டும் உண்டு. குழுக்களுக்கு அறவே இல்லை. மேலும், செய்தியின் உள்ளடக்கம் மறைந்தாலும், யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினார் என்னும் மீத்தரவு மறைவதில்லை. அதையும் சேமிக்காமல் இருக்க முடியும் என்பதற்குச் சிக்னல் ஒரு சான்று. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நாளையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அவர்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

பாட்டு என்பதே பலர் கேட்பதற்காக. அதற்கு எதற்குத் தனியுரிமை என்று கேட்பவர்கள் உண்டு. மேடையேறும் பாட்டுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். மேடைக்கு முன்னால் உள்ள பாட்டுக்குப் பொருந்தாது. ஒத்திகை என்பது பிழை செய்வதற்காக ஒதுக்கப்பட்ட இடம். சுருதி விலகலாம், சொல் தடிக்கலாம், கோபத்தில் ஒரு பெயர் விழலாம். பாடுபவரே அதைக் கேட்டு, நாணி, திருத்தி, பிறகு மேடைக்கு எடுத்துச் செல்வார். வில்லுப்பாட்டுக்காரர் முதல் சொல்லிசைக் கலைஞர் வரை எல்லாருக்கும் அந்த அறை தேவைப்பட்டிருக்கிறது. அந்த மாணவியிடமிருந்து பறிபோனது ஓர் இரகசியம் என்பதைவிட, ஒரு பெயரை நீக்குவதற்கு அவளுக்கு இருந்த அவகாசம் என்பதே சரி. வரைவை முடிவுப்படியாக ஊர் வாசித்துவிட்டது.

பாட்டுக்கு அரசு தரும் விலையையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. மதுக்கடைகளை எதிர்த்துப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் 2015 அக்டோபர் 30 அன்று திருச்சிராப்பள்ளியில் கைது செய்யப்பட்டார். இணையத்தில் பரவிய பாடல்களுக்காக அவர்மீது தேசத்துரோகப் பிரிவு பாய்ந்தது. கேரளத்திலும் நிலைமை வேறுபட்டதல்ல. 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கிய உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவையும் நீக்கியது. 2020 நவம்பரில் 118ஏ என்ற பெயரில் அதே போன்றதொரு பிரிவு அவசரச் சட்டமாக வந்து, எதிர்ப்பால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பாட்டெழுதும் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டிய நாள் அது.

மறையாக்கத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் பொருளுண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018இல் தொடங்கிய வழக்கு, இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களின் துயரத்தை முன்வைத்தே சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரியது. அது பிறகு, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்ற கேள்வியாக வளர்ந்தது. முடியும், அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்று சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி 2019இல் முன்மொழிந்தார். அது பயன் தராது, தனியுரிமையையும் குலைக்கும் என்று மும்பை ஐஐடியின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் அந்தக் கண்டறியும் கடமையைப் பெரிய செய்திச் செயலிகள்மீது சுமத்தின. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டில்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே போய்விடுவோம் என்னும் பொருளில் 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் வாதிட்டார்.

இந்த விவாதத்தைக் கள்ளிக்காட்டுப் பகுதியின் அந்த ஒரு பாட்டின்மீது வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் ஏற்பாடு இருந்திருந்தால், அது மாணவியைத்தான் சுட்டியிருக்கும். பாட்டை எழுதியவள் அவள். முதலில் அனுப்பியவளும் அவள். கணினியிலிருந்து பிறர் அனுப்பியதும் அவள் எண்ணிலிருந்தே போயிருக்கும். களவாடியவர் பெயர் அதில் எங்கும் வராது. தோற்றுவாயைக் காட்டுவது வேறு, குற்றவாளியைக் காட்டுவது வேறு. 2023இல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே கைகொடுக்காது. தனி ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாளுவதற்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. குடும்பக் குழுவில் முன்னனுப்பும் மாமாவை அது பெரும்பாலும் தொடுவதில்லை.

குரல் என்பது இன்று வெறும் ஒலியுமன்று. 2024இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தின் பாடலொன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ.ஆர். ரஹ்மான் மீட்டெடுத்தார்; குடும்பத்தாரின் இசைவு பெற்றதாகவும், ஊதியம் அளித்ததாகவும் அறிவித்தார். அதே ஆண்டில், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை இசைவின்றி இப்படி உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் குடும்பத்தினர் சட்ட அறிவிக்கை அனுப்பினர். புகழ்பெற்றவர்களுக்குக் கேட்க ஆளிருக்கிறது. பத்துக் கைப்பேசிகளில் பரவிக் கிடக்கும் ஒத்திகைக் குரலுக்குச் சொந்தக்காரியான பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு யார் அறிவிக்கை அனுப்புவார்?

இசையின் வழியாகவே இந்த விழிப்பை ஊட்ட முடியும் என்பதை வேறு நாட்டு இளைஞர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 2012இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி உலகெங்கும் பரவிய ‘கிரிப்டோபார்ட்டி’ கூட்டங்களில், வல்லுநரும் புதியவரும் ஒன்றாக உட்கார்ந்து மறையாக்கக் கருவிகளைப் பழகினார்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 2014 முதல் நடந்துவரும் ‘கிரிப்டோரேவ்’ இரவு முழுதும் நீளும். பேச்சும் பயிற்சியும் முடிந்தால் ஆட்டமும் பாட்டும். திருவனந்தபுரத்துக்கும் இது அந்நியமன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கப்பட்டது இந்த நகரில்தான். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில் கணினி பழகியே வளர்கிறார்கள். நிலம் பண்பட்டிருக்கிறது, விதையைப் பாட்டுக்குழுக்களிடம் கொண்டுசேர்ப்பதுதான் மிச்சம்.

அந்தக் குழு இப்போது பெரிய ஏற்பாடு எதுவும் செய்துகொள்ளவில்லை. நிகழ்ச்சிக்குக் கிளம்பும் முன் செண்டையின் வாரை இழுத்துப் பார்ப்பதுபோல, கைப்பேசியிலும் சிலவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, தெரியாததை நீக்குகிறார்கள். இரு-படிச் சரிபார்ப்பை எல்லாரும் இயக்கியிருக்கிறார்கள். காப்புநகலுக்கும் மறையாக்கம் உண்டு. தடங்களை மாற்ற இருநூறு ரூபாய்க்குள் ஒரு பென்டிரைவ் வாங்கினார்கள். வரைவுப் பாட்டுகளுக்காகச் சிக்னலில் ஒரு குழு. ஒரு வாரத்தில் தானாக அழிந்துபோகும்படி அமைத்திருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் பலகையில் இப்போது குழுவுக்கென்று வாங்கிய தனி எண்தான் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடக் கடினமான விதி ஒன்றையும் வைத்துக்கொண்டார்கள்: ஏதாவது கசிந்தால், ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் முனைகளை எண்ண வேண்டும்.

அந்த விதியை எழுதியவள் அந்த மாணவிதான். வகுப்பு நடந்த அன்று மாலையே தோழியின் வீட்டுக்குப் போனாள். கைப்பேசித் திரையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். தோழி முழுவதும் கேட்டாள். “எனக்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் பிள்ளே” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. குழுவுக்கு அவள் திரும்பவுமில்லை. இலத்தாளத்தை இப்போது வேறொருவன் அடிக்கிறான். ஒரு கணினியின் இணைப்பைத் துண்டிக்க ஒரு தொடுகை போதும். நான்கு மாதத்தின் ஐயத்துக்கு அப்படியொரு பொத்தான் இல்லை.

பாட்டு அண்மையில் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டின் பெயர் இருந்த இடத்தில் இப்போது அந்தக் கணக்கு மட்டும் இருக்கிறது. பெயர் போனதும் பாட்டு எல்லா வீட்டுக்கும் பொருந்திவிட்டது. மேடைக்குக் கொண்டுபோகும் முன் அவள் அதைத் தோழிக்கு அனுப்பினாள், ஒருமுறை மட்டும் கேட்கக்கூடிய குரற்செய்தியாக. நெடுநேரம் பதில் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு வரி வந்தது:

“ஒரு தடவ கேட்டா மதியாவுமா? இன்னொருக்கா அனுப்பு.”